வாசலில் நின்று கேட்கட்டும்



நோன்புப் பெருநாள் கழிந்து பத்து நாட்கள் ஆகியிருக்கும். எங்கள் தெருவிலுள்ள ஒரு சகோதரி என்னைக் காண வந்தார். அவருடைய கணவர் தம்மாமில் பணிபுரிகிறார். மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காக அவர் அனுப்பிய ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் இருந்தது. ஒரு நாள் அஸருக்குப் பிறகு அச்சகோதரியின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி ஒன்று வந்தது. ‘உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது, இன்று இரவுக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்’ என்று அதில் எழுதியிருந்தது. கீழே ஓர் இணைய முகவரி. தொட்டதும் வங்கியின் பக்கம் திறந்தது. அதே நிறம், அதே முத்திரை. கேட்ட விவரங்களை எல்லாம் கொடுத்தார். வந்த ஓ.டி.பி. எண்ணையும் பதித்தார். மூன்றே நிமிடங்களில் கணக்கு காலியாகிவிட்டது.

மறுநாள் காலை வங்கிக்குச் சென்றார். மேலாளர் இரக்கம் உள்ளவர்தாம். “அம்மா, அந்தப் பக்கம் எங்களுடையது அன்று. எங்கள் பெயரைப் போல ஒரு பெயரைப் பதிவு செய்து யாரோ நடத்துகிறார்கள். யார் என்று எங்களாலும் பார்க்க முடியவில்லை. பதிவேட்டில் பெயரை மறைத்து வைத்திருக்கிறார்கள்” என்றாராம்.

அதைச் சொல்லிவிட்டு அச்சகோதரி என்னிடம் ஒன்று கேட்டார். “காக்கா, ஒரு மனை யாருடையது என்று கேட்டால், பத்திரப் பதிவு அலுவலகத்தில் பணம் கட்டி வில்லங்கச் சான்றிதழ் வாங்கிப் பார்த்துவிடலாம். என் பிள்ளையின் படிப்புப் பணத்தைக் கொண்டுபோன இந்தக் கடை யாருடையது என்று வங்கிக்காரருக்குக்கூடக் காட்ட மாட்டோம் என்றால், அது என்ன நியாயம்?”

நியாயமான கேள்விதான். எனினும் அதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. காரணம், இதே பதிவேட்டினால் என் சொந்தக் குடும்பத்தில் வேறு வகையான துன்பம் ஏற்பட்டதை நான் கண்டவன். இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன். பொறுமையாகப் படித்து, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் அந்தப் பதிவேடு எது என்பதைத் தெரிந்துகொள்வோம். இணையத்தில் ஒரு தளம் வைக்க விரும்புகிறவர் அதற்கு ஒரு பெயர் வாங்க வேண்டும். பெயர் விற்பதற்கென்றே உலகெங்கும் பதிவு நிறுவனங்கள் உள்ளன. பெயரை வாங்குகிறவர் தம் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். அவ்விவரங்களை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கும் ஏற்பாட்டிற்கு ஆங்கிலத்தில் ‘ஹூயிஸ்’ என்று பெயர். ‘யாரது?’ என்பதே அதன் பொருள்.

இந்த ஏற்பாடு பிறந்தது 1982ஆம் ஆண்டில். அன்று இன்றைய இணையம் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் இயங்கிய ‘ஆர்ப்பாநெட்’ என்ற கணிப்பொறி வலையமைப்பே இருந்தது. அதன் தகவல் மையம் கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையாரின் பொறுப்பில் இயங்கியது. அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்கள், பல்கலைக்கழகத்தார், அரசுப் பணியாளர்கள். ஒரு கணிப்பொறியில் கோளாறு என்றால் அதன் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்; அதற்காக ஒரு முகவரிப் புத்தகம். நம் ஜமாஅத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்து வைத்திருக்கும் தொலைபேசிக் கையேட்டைப் போன்றது அது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில் அதனால் தீங்கில்லை.

1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அறிஞர் இன்று நாம் பயன்படுத்தும் பெயர் முறையை வகுத்தார். 1985 மார்ச் 15 அன்று ‘டாட் காம்’ என்று முடியும் முதற்பெயர் பதிவாயிற்று. 1998இல் இப்பெயர்களை ஒழுங்குபடுத்த ‘ஐகேன்’ என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் கலிபோர்னியாவில் தோன்றியது. ஊர் பெருத்தது, உலகமே குடியேறியது. ஆனால் பழைய முகவரிப் புத்தகம் மட்டும் அப்படியே திறந்து கிடந்தது. வீட்டு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் எவரும், எந்தக் காரணமும் சொல்லாமல், இலவசமாகப் பார்க்கலாம் என்ற நிலை நீடித்தது.

இனி என் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை மகள் வீட்டிலிருந்தபடியே துப்பட்டாக்களில் பூவேலை செய்து விற்பவள். கை தேர்ந்தவள். 2016இல் தன் வேலைப்பாடுகளைக் காட்ட ஓர் இணையதளம் தொடங்க ஆசைப்பட்டாள். பெயர் வாங்கும் படிவத்தில் கேட்ட இடங்களில் எல்லாம் உண்மையையே எழுதினாள். வீட்டு முகவரியை எழுதினாள். தன் சொந்த எண்ணையே கொடுத்தாள். மறுநாள் காலையிலேயே அழைப்புகள் வரத் தொடங்கின. ‘தளம் வடிவமைத்துத் தருகிறோம்’, ‘விளம்பரம் செய்து தருகிறோம்’ என்று முன்பின் அறியாதவர்கள். அதைப் பொறுத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து இரவு பதினொன்றரை மணிக்கு ஒருவன் அழைத்து, அவள் பெயரைச் சொல்லி, தெருவின் பெயரையும் சொல்லிப் பேசினான். அடுத்த நாளும் அழைத்தான். மூன்றாம் நாள் அவள் எண்ணையே மாற்றிவிட்டாள். தளத்தை மூடிவிட்டாள். பூவேலை இன்னும் நடக்கிறது, தெரிந்தவர்களுக்கு மட்டும்.

“மாமா, நான் கடையின் பெயரைத்தானே பதிந்தேன்? வீட்டு வாசலை ஏன் திறந்து வைத்தார்கள்?” என்று அவள் கேட்டாள். இதுவும் நியாயமான கேள்வி அல்லவா?

ஆக, நேயர்களே, ஒரு பெண் ‘ஏன் மூடி வைத்தார்கள்?’ என்கிறாள். மற்றொரு பெண் ‘ஏன் திறந்து வைத்தார்கள்?’ என்கிறாள். இருவரும் நம் வீட்டுப் பெண்கள். இருவர் சொல்வதும் உண்மை. இந்த இரு கேள்விகளுக்கும் இடையில்தான் உலகம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடி வருகிறது.

வங்கிகளின் தரப்பை முதலில் கேட்போம். போலித் தளம் ஒன்று உயிரோடிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் புதிது புதிதாக மக்கள் அதில் விழுகிறார்கள். அதை நடத்துபவன் யார் என்று தெரிந்தால் வழக்குத் தொடுக்கலாம். அதைவிட முக்கியமான பயன் இன்னொன்று உண்டு. ஒரே ஆள் ஒரே மின்னஞ்சலையோ, ஒரே தொலைபேசி எண்ணையோ கொடுத்து நூறு போலிப் பெயர்களை வாங்கி வைத்திருப்பான். இன்று ஒன்று பிடிபட்டால் நாளை அடுத்ததைத் திறப்பான். பதிவேட்டைப் பார்க்க முடிந்தால், பிடிபட்ட ஒன்றைக் கொண்டு மறைந்திருக்கும் தொண்ணூற்றொன்பதையும் அடையாளம் காணலாம். அவை தீங்கு செய்யும் முன்பே தடுக்கலாம். அவன் கொடுத்த பெயர் பொய்யாக இருந்தாலும், அதே பொய் திரும்பத் திரும்ப வருவதே ஒரு தடயம் ஆகிவிடும். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

2006 ஜூன் மாதம் மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் ஐகேன் கூட்டம் நடந்தது. அமெரிக்காவில் நுகர்வோர் நலன் காக்கும் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் உறுப்பினர் ஜான் லீபோவிட்ஸ் அங்கு நேரில் வந்து, மோசடிக்காரர்களைத் தேடும் தம் அலுவலர்களுக்குப் பதிவேடு இன்றியமையாதது, அதை மூடிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். 2007இல் ஐகேன் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. தனி மனிதரின் முகவரியை மறைத்து, அவருக்குப் பதிலாக ஒரு தொடர்பாளரின் பெயரை மட்டும் காட்டலாமா என்பது ஒரு யோசனை. அப்படி மறைத்தால், மறைத்ததை யாருக்குத் திறந்து காட்டுவது? காவல்துறைக்கு மட்டுமா? வங்கிகளைப் போன்ற தனியார் அமைப்புகளுக்குமா? இந்த இடத்தில்தான் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. 2007 அக்டோபர் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வாக்கெடுப்பு நடந்தது, யோசனை தோற்றது. பழைய திறந்த பதிவேடே தொடர்ந்தது.

அந்தத் திறந்த பதிவேட்டின் இலட்சணம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2005 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 23 லட்சத்துக்கும் மேற்பட்ட தளப்பெயர்கள் வெளிப்படையாகவே பொய்யான விவரங்களுடன் பதிவாகியுள்ளன என்று மதிப்பிட்டது. தொலைபேசி எண் என்ற இடத்தில் ஒன்பது ஒன்பதாக எழுதி வைத்திருப்பதைப் போன்றவை அவை. 2010இல் ஐகேனுக்காகச் சிகாகோவின் ஆய்வு நிறுவனம் ஒன்று செய்த ஆய்வில், முழுக்கச் சரியான பதிவுகள் நூற்றுக்கு 23 மட்டுமே என்று தெரியவந்தது. எல்லோருக்கும் கதவு திறந்திருந்த காலத்து நிலை இது! திருடன் பொய்ப் பெயர் கொடுத்துத் தப்பினான். என் தங்கை மகளைப் போன்ற நேர்மையானவர்கள் உண்மையை எழுதி அகப்பட்டுக்கொண்டார்கள். திறந்த பதிவேட்டின் கொடுமை இதுவே.

பதிவு நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளரின் பெயருக்குப் பதிலாகத் தங்கள் பினாமி நிறுவனத்தின் பெயரைப் பதிவேட்டில் எழுதின. பணம் உள்ளவருக்குத் திரை கிடைத்தது. நல்லவர்களும் வாங்கினார்கள், மோசடிக்காரர்களும் வாங்கினார்கள்.

பிறகு வந்தது 2018. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய சொந்த விவரங்களைத் தக்க காரணமின்றி உலகுக்குக் காட்டுவது குற்றம், அபராதமோ பெருந்தொகை. ஐகேன் அவசரமாகத் தற்காலிக விதி ஒன்றை வகுத்தது. பெயர், தெரு, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை மறைக்கப்படலாயின. நாடு, மாநிலம் போன்ற சில மட்டும் தெரியும். உரியவருக்குச் செய்தி அனுப்ப ஒரு படிவமோ மாற்று மின்னஞ்சலோ இருக்கும். ‘நியாயமான தேவை உள்ளவர்கள் கேட்டால் பதிவு நிறுவனம் ஆராய்ந்து கொடுக்க வேண்டும்’ என்றும் விதியில் எழுதப்பட்டது. ஆனால் எது நியாயமான தேவை, எத்தனை நாளில் விடை, மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் தெளிவாகவில்லை. ஐரோப்பியச் சட்டம் ஐரோப்பியருக்கானது என்றாலும், பெரும்பாலான பதிவு நிறுவனங்கள் உலகம் முழுமைக்கும் திரையை இழுத்துவிட்டன. நம் தெருச் சகோதரியின் வங்கி மேலாளர் கண்டது அந்தத் திரையைத்தான்.

சரி, அத்திரையை வங்கிகளுக்கு மட்டும் விலக்கிவிட்டால் என்ன? திறவுகோலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன?

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். முதலாவதாக, ‘வங்கி’ என்பது யார்? உலகில் எத்தனையோ நாடுகள். எத்தனையோ ஆயிரம் வங்கிகள். ஒவ்வொன்றிலும் எத்தனையோ பணியாளர்கள். அத்தனை பேரிடமும் ஒரே திறவுகோல் இருந்தால் அது பூட்டு ஆகாது. இரண்டாவதாக, மோசடியைத் தேடும் வங்கிதான் கடன் விற்பதும். கடன் பாக்கியை வசூலிக்க ஆள் அனுப்புவதும் அதுதான். ஒரு நோக்கத்திற்காகக் கிடைத்த எண் இன்னொரு மேசைக்குச் செல்லாது என்று யார் உறுதி கூறுவார்? மூன்றாவதாக, போலிப் பக்கங்கள் எல்லாம் திருடன் வாங்கிய பெயரில் இருப்பதில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் தளத்தையோ, ஒரு சிறு வியாபாரியின் தளத்தையோ உடைத்து, அதன் உள்ளறை ஒன்றில் போலிப் பக்கத்தை ஒளித்து வைப்பதும் உண்டு. அப்போது பதிவேட்டில் இருப்பது ஒரு நிரபராதியின் பெயர். பாழடைந்த வீட்டில் கள்வன் பதுங்கியதற்கு, வீட்டுக்காரரைக் கள்வன் என்று பிடித்துச் செல்வதா?

நான்காவதாக ஒன்று சொல்வேன், இதுவே முக்கியமானது. போலித் தளத்தை நிறுத்துவதற்கு அதன் உரிமையாளர் பெயர் தேவையே இல்லை. அந்தப் பெயரை விற்ற பதிவு நிறுவனம் யார் என்பது எப்போதும் வெளிப்படையாகவே தெரியும். சான்றுகளுடன் அந்நிறுவனத்திடம் புகார் செய்தால், அது பெயரை முடக்கலாம். இது முன்பு பதிவு நிறுவனங்களின் மனம்போல நடந்தது. 2024 ஏப்ரல் 5 முதல் ஐகேன் ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டு, இத்தகைய மோசடிக்குத் தக்க சான்று கிடைத்தால் அதைத் தடுக்கவோ நிறுத்தவோ உடனே நடவடிக்கை எடுப்பது கடமை ஆக்கப்பட்டுள்ளது. தீ பிடித்த வீட்டில் முதலில் தீயை அணைக்க வேண்டும். பற்ற வைத்தவனைத் தேடுவது அடுத்த வேலை. பெயர் கிடைக்கவில்லை என்பதைக் காரணம் காட்டித் தீயை எரிய விடுவதற்கில்லை.

“அப்படியானால் திருடனுக்கு இத்தனை மரியாதையா?” என்று அச்சகோதரி கேட்டால், அவர் மனம் புண்படாமல் சொல்வேன்: இது திருடனுக்குக் காட்டும் மரியாதை அன்று. அதே கதவுக்குப் பின்னால் பூவேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்காக.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வருகிறவர் நேராக உள்ளே நுழைவதில்லை. வாசலில் ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார். உள்ளிருந்து ‘யாரது?’ என்று குரல் வரும். ‘நான்தான்’ என்று சொன்னால் போதாது. இன்னார் மகன், இன்ன காரியமாக வந்தேன் என்று சொல்ல வேண்டும். அதன்பின்தான் கதவு திறக்கும். அவசரக் காரியம் என்றால் விரைவாகவே திறக்கும். ஆனால் கேட்காமல் திறக்காது. இந்தப் பதிவேட்டின் கோளாறு என்னவென்றால், ‘யாரது?’ என்ற கேள்வியை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டார்கள். வாசலில் நிற்பவரிடம் எவரும் கேட்கவே இல்லை.

இரண்டு பக்கமும் கேட்கும் முறையை அமைக்க இப்போது முயற்சிகள் நடக்கின்றன. 2023 நவம்பர் 28 அன்று ஐகேன் சோதனை முயற்சியாக ஒரு விண்ணப்பச் சாளரத்தைத் திறந்தது. மறைக்கப்பட்ட விவரம் வேண்டுவோர் தாம் யார், எந்தப் பெயரைப் பற்றி, எதற்காகக் கேட்கிறார் என்று அதில் எழுதி அனுப்பலாம், கட்டணம் இல்லை. எனினும் அச்சோதனையில் பதிவு நிறுவனங்கள் சேர்வது அவற்றின் விருப்பமாகவே விடப்பட்டது. விவரத்தைக் கொடுப்பதா, மறுப்பதா என்ற முடிவும் அவற்றின் கையிலேயே இருந்தது. பினாமித் திரைக்குப் பின்னாலுள்ள பெயர் அதனால் வெளிவரும் என்ற உறுதியும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பதிவு நிறுவனங்கள் விவரங்களைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். உரிய காரணத்தோடும் சட்டப்படியும் கேட்பவர்களுக்கு 72 மணி நேரத்திற்குள் விடை சொல்ல வேண்டும் என்று அது விதிக்கிறது. திரையைப் போட்ட ஐரோப்பாவே, திரைக்கு ஒரு வாசலும் வேண்டும் என்று உணர்ந்திருப்பதை இதில் காண்கிறோம்.

என் எளிய கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வங்கிகளுக்கு விவரம் கிடைக்க வேண்டும். ஆனால் திறவுகோல் கிடைக்கக் கூடாது. ஒரு புகாருக்கு ஒரு விண்ணப்பம். மொத்தமாக அள்ளிச் செல்ல இடமில்லை. கேட்பது உரிமம் பெற்ற வங்கிதானா என்பது முதலில் மெய்ப்பிக்கப்பட வேண்டும். எந்த அலுவலர், எந்நாளில், எதற்காகக் கேட்டார் என்பது எழுத்தில் பதிய வேண்டும். பெற்ற விவரம் அமானிதம். அந்த ஒரு வழக்குக்கு மட்டுமே பயன்பட வேண்டும். வழக்கு முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். மீறினால் தண்டனை. விசாரணைக்கு ஊறு நேராது என்ற நிலை வந்ததும், ‘உங்கள் விவரம் இன்னாருக்குக் கொடுக்கப்பட்டது’ என்று உரியவருக்கும் தெரிவிக்க வேண்டும். இவற்றோடு, விடை நாட்கணக்கில் தாமதிக்காமல் மணிக்கணக்கில் வர வேண்டும். தாமதமாக வரும் நியாயத்தால் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது.

வங்கிகளுக்கும் ஒரு கடமை உண்டு. போலியை யார் நடத்துகிறார் என்று தேடுவது ஒருபுறம் இருக்க, ‘எது அசல்?’ என்று மக்கள் எளிதில் அறியும்படி செய்வது அவர்கள் பொறுப்பு அன்றோ? நம் நாட்டில் ரிசர்வ் வங்கி இவ்வகையில் நல்லதொரு காரியம் செய்தது. 2025 பிப்ரவரியில் இந்திய வங்கிகளுக்கு மட்டுமே உரிய ‘பேங்க் டாட் இன்’ என்ற முகவரி முடிவை அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31க்குள் வங்கிகள் எல்லாம் அதற்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. ஐதராபாத்தில் ரிசர்வ் வங்கி நிறுவிய ஆய்வு நிறுவனமான ஐ.டி.ஆர்.பி.டி. மட்டுமே அப்பெயர்களைப் பதிவு செய்யும். வெளியார் எவரும் பணம் கொடுத்து வாங்க முடியாது. பல்லாயிரம் பேருடைய வீட்டுக் கதவுகளைத் திறப்பதற்குப் பதிலாக, வங்கி தன் கதவில் ஒரு முத்திரைப் பலகையை மாட்டிக்கொண்டது என்று இதைக் கூறலாம்.

அந்தப் பலகையை வாசிக்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும், சகோதரிகளே! இணைய முகவரியின் உண்மையான உரிமை அதன் வலக்கோடியில் இருக்கிறது. ஆகவே அரபு எழுத்தைப் போல அதை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும்; நமக்கு இது புதிதன்று! தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பின் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள். சாய்கோடே இல்லாவிட்டால் முகவரியின் கடைசியிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து இடப்புறமாக வாசித்தால், முதலில் ‘இன்’, பிறகு ஒரு புள்ளி, பிறகு ‘பேங்க்’, மீண்டும் ஒரு புள்ளி, அதன் பிறகே வங்கியின் பெயர் வர வேண்டும். ‘பேங்க்’ என்ற சொல்லுக்கு இடப்புறம் புள்ளி இல்லாமல் வேறெழுத்து ஒட்டி நின்றாலோ, சிறுகோடு இருந்தாலோ, அது வேறு யாருடைய முகவரியோதான். முகவரியின் நடுவில் எங்கேனும் வங்கியின் பெயர் தென்படுவதைக் கண்டு ஏமாற வேண்டாம். பக்கத்தில் தெரியும் சிறு பூட்டுப் படத்தையும் நம்பிவிட வேண்டாம். நீங்கள் அனுப்பும் செய்தியை இடையில் எவரும் படிக்க முடியாது என்பதற்கே அது அடையாளம். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அது சான்று அன்று.

மற்றொன்று. தவறு நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் அழுது கொண்டிராதீர்கள். ‘அவர் என்ன சொல்வாரோ’ என்று வெளிநாட்டிலிருக்கும் கணவரின் அழைப்புக்காக இரவெல்லாம் காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். சைபர் குற்ற நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. பணம் கை மாறிக் கை மாறிப் போவதற்குள் வழியிலேயே முடக்குவதற்கான வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம். வங்கிக்கும் உடனே எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். வங்கியின் பேரிலோ வாடிக்கையாளர் பேரிலோ தவறில்லாத மோசடிகளில், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. ஆனால் ஓ.டி.பி.யை நாமே கொடுத்துவிட்டால், நாம் தெரிவிக்கும் நேரம் வரையிலான நட்டம் நம் தலையில் என்பதும் அவ்விதியில் உள்ளது. எனவே ஒவ்வொரு நிமிடத்திற்கும் விலை உண்டு.

நம் தெருச் சகோதரி இதை அறியாததால் ஓர் இரவை இழந்தார். மறுநாள் கொடுத்த புகாரினால் முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது. இன்னும் கைக்கு வந்து சேரவில்லை. மீதிப் பணம் போன இடம் தெரியவில்லை. மகனுடைய கட்டணத்தின் ஒரு பகுதியைத் தெருவிலுள்ள நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கட்டினோம். அந்தப் போலித் தளம் ஆறாம் நாள் முடக்கப்பட்டதாம். அதற்குள் இன்னும் எத்தனை வீடுகளின் பணம் போயிற்றோ!

அவருடைய கேள்விக்கு என் விடை இதுதான்: “தங்கச்சி, உங்கள் வங்கி அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் யார், எதற்காக என்று சொல்லி, வாசலில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அப்படிக் கேட்டால் ஆறு நாளில் அன்று, அன்றைக்கே விடை கொடுக்கும்படி உலகத்தார் விதி செய்யட்டும்.”

என் தங்கை மகளிடமும் இதைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படி ஒரு முறை இருக்குமென்றால், என் உண்மையான முகவரியைக் கொடுப்பதில் எனக்குப் பயமில்லை, மாமா” என்றாள். நேர்மையானவர்கள் அஞ்சாமல் உண்மையை எழுதும் பதிவேடுதான், பொய்யனைக் காட்டிக்கொடுக்கும் பதிவேடாகவும் இருக்க முடியும்.

சிந்தியுங்கள், நேயர்களே! இந்த இதழைப் படித்து முடித்ததும், வீட்டிலுள்ள பெரியவர்களை அருகில் அமர்த்தி, முகவரியை வலமிருந்து இடமாக வாசிக்கும் முறையை ஒருமுறை காட்டிக்கொடுங்கள். 1930 என்ற எண்ணைத் தொலைபேசிக்கு அருகிலுள்ள சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.